கடற்காற்றில் கண்ணாடி துடைப்பது: ஒரு திருவொற்றியூர் அனுபவம்

வடசென்னையின் திருவொற்றியூரில், கடலுக்கும் மணலிக்கும் நடுவே குடியிருப்பவர்களுக்குக் கண்ணாடி துடைப்பது போகிக்கும் ஆயுத பூசைக்கும் மட்டும் ஒதுக்கி வைக்கிற வேலையாக இருக்க முடியாது. கிழக்கே, எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிக் கொட்டியிருக்கும் கருங்கல் தடுப்பில் அலை மோதும்போதெல்லாம் உப்புச் சாரல் எழுகிறது. மேற்கே மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும், வடக்கே அத்திப்பட்டு அனல்மின் நிலையமும் இருக்கின்றன. சாலையிலோ துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் வரிசை கட்டுகின்றன. இவை ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு படலத்தை எங்கள் ஜன்னல்களிலும் கார்க் கண்ணாடிகளிலும் விட்டுச் செல்கிறது. ராயபுரத்தில் இருக்கும் என் அக்கா வீட்டில், சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில் ஜன்னல் விளிம்பு நாள்தோறும் கறுத்துப் போகும். 2011-இல் அந்த நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாற்றப்பட்ட பிறகு அங்கே கரி குறைந்தது. எங்கள் பக்கத்தில் அப்படிக் குறைந்ததாக நான் சொல்ல மாட்டேன்.

தெருவில் புதிதாகக் கார் வாங்குகிறவர்கள், கண்ணாடி துடைக்க எந்தத் திரவம் நல்லது என்று என்னிடம் கேட்பதுண்டு. மளிகைக் கடையில் கிடைக்கும் நீலத் திரவங்களையும், கார் அலங்காரக் கடைகளில் விற்கும் நுரைத் தெளிப்பான்களையும், வீட்டிலேயே கலந்த கலவைகளையும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில், கண்ணாடியில் படிந்திருப்பது என்ன என்பதைத்தான் நான் முதலில் அவர்களிடம் கேட்பேன். எங்கள் பகுதிக் கண்ணாடியில் மூன்று வகை அழுக்கு சேர்கிறது: கடலுப்பு, கடின நீர் காய்ந்து விட்டுப்போகும் சுண்ணாம்பு, எண்ணெய்ப்படலம். உப்பு வெறும் தண்ணீரிலேயே கரைந்துவிடும். சுண்ணாம்பு அமிலத்துக்குத்தான் இளகும். எண்ணெய்ப்படலம் ஆல்கஹாலுக்கோ சோப்புக்கோதான் விடும். மூன்றையும் ஒரே பாட்டிலால் போக்க முயல்வதால்தான் துடைத்த பிறகும் கண்ணாடி மங்கலாக நிற்கிறது. திரவத்தைக் குறை சொல்லிவிட்டு அடுத்த பாட்டிலைத் தேடிப் போகிறோம்.

உப்பை முதலில் சொல்வதற்குக் காரணம், மற்ற அழுக்குகளைக் கண்ணாடியில் பிடித்து நிறுத்துவதே அதுதான் என்பது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும்; கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிட மிகக் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியும். கடலோரச் சென்னையில் அந்த அளவைத் தொடாத இரவுகள் குறைவு. எனவே இரவெல்லாம் கண்ணாடி நசநசவென்று இருக்கிறது, லாரிப் புகையின் கரியும் சாலைத் தூசும் அந்த ஈரத்தில் ஒட்டுகின்றன, காலை வெயிலில் எல்லாம் சேர்ந்து பொருக்காகக் காய்கின்றன. டிக்கியில் கிடக்கும் பழைய துணியை எடுத்து அந்தப் பொருக்கின் மேல் உலரத் துடைத்துவிட்டு வண்டியைக் கிளப்புவதை எங்கள் தெருவில் தினமும் பார்க்கலாம். மணலின் முக்கியப் பொருளான குவார்ட்சின் கடினத்தன்மை, 1 முதல் 10 வரை மதிப்பிடும் மோ அளவுகோலில் 7. கண்ணாடியின் கடினத்தன்மை ஏறத்தாழ 5.5 முதல் 6 வரைதான். மென்மையான துணியே என்றாலும், நடுவில் மணல் துகள் சிக்கினால் அது கண்ணாடியைக் கீறும். அத்தகைய நுண்கீறல்கள் பகலில் தெரிவதில்லை. இரவில் எதிர்வண்டியின் விளக்கொளி பட்டதும் வளையம் வளையமாக ஒளிரும்.

ஆகவே, கண்ணாடியைத் தொடுவதற்கு முன் மேலிருந்து கீழாக ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக வழியவிட்டு, உப்பும் மணலும் தாமாக இறங்கும்படி செய்ய வேண்டும். பிறகே துணி. வீட்டு ஜன்னலுக்கும் இதே முறைதான். அங்கே தண்ணீர் ஊற்ற இடமில்லையென்றால், நன்றாக நனைத்த துணியை அழுத்தாமல் ஒருமுறை மேலிருந்து கீழே இழுத்து, உடனே அலசிவிட வேண்டும்.

எந்தத் தண்ணீர் என்பதில்தான் எங்கள் பகுதியின் தனிப்பட்ட சிக்கல் இருக்கிறது. பக்கத்து வீட்டில் கால் டாக்சி ஓட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவருடைய வண்டி பத்து ஆண்டுப் பழையது. கண்ணாடியோ ஷோரூமிலிருந்து இறங்கியது போல் இருக்கும். என்ன திரவம் வாங்குகிறீர்கள் என்று கேட்டபோது அவர் சொன்னது இதுதான்: “பாட்டில மாத்திக்கிட்டே இருக்காத தம்பி, தண்ணிய மாத்திப் பாரு.”

அவர் சொன்னதன் பொருள், போர் தண்ணீரின் தன்மை தெரிந்தவர்களுக்கு உடனே விளங்கும். கடலோரத்தில் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்சக் கடல்நீர் உள்ளே புகுந்து, பல வீடுகளின் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத அளவுக்குக் கரிக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவான ஐஎஸ் 10500, கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ளும், சுண்ணாம்பு போன்ற உப்புகளால் வரும் கடினத்தன்மை கால்சியம் கார்பனேட் கணக்கில் 200 மில்லிகிராமுக்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறது; வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் முறையே 2000, 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுக்கிறது. கரைந்துள்ள திடப்பொருளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் என்னும் பேனா அளவுள்ள சிறு கருவியை வாங்கி வீட்டின் ஒவ்வொரு குழாய்த் தண்ணீரிலும் வைத்துப் பார்த்தால், எந்தத் தண்ணீரைக் கண்ணாடிக்கு அருகில் விடக்கூடாது என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். கடின நீரின் ஒரு துளி கண்ணாடியில் காயும்போது நீர் மட்டுமே ஆவியாகிறது; அதில் கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட், கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறி வெள்ளைப் புள்ளியாக அங்கேயே தங்கிவிடுகிறது. வாட்டர் சர்வீஸ் முடிந்து வந்த வண்டியில், நன்றாகக் கழுவிய பிறகும் புள்ளி புள்ளியாகத் தெரிவது இதுதான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆர்ஓ இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரை வீணாக்க மனமின்றி வாளியில் பிடித்து, அதைக் கொண்டு காரையும் ஜன்னலையும் துடைக்கும் பழக்கம் எங்கள் பகுதியில் பரவலாக இருக்கிறது. தண்ணீரை மிச்சப்படுத்தும் அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால், வடிகட்டியில் ஒதுக்கப்பட்ட உப்பு முழுவதும் சேர்ந்திருப்பது அந்த வாளியில்தான். வீட்டுக்குள் வரும் தண்ணீரைவிட அதில் உப்பும் சுண்ணாம்பும் கூடுதலாக இருக்கும். கழிவறைக்கும் தரை கழுவவும் அதைப் பயன்படுத்தலாம், கண்ணாடிக்கு மட்டும் வேண்டாம்.

அதற்குப் பதிலாக, யாரும் காசு கொடுத்து வாங்க வேண்டாத ஒரு நல்ல தண்ணீர் இருக்கிறது. ஏசியின் வெளிக்குழாயில் சொட்டும் தண்ணீர், காற்றிலிருந்த நீராவி குளிர்ந்து திரண்டது. நிலத்தில் ஓடாததால் அதில் சுண்ணாம்போ உப்போ ஏறக்குறைய இல்லை. எங்கள் ஊரின் புழுக்கத்தில், இரவு முழுவதும் ஓடும் ஏசி விடிவதற்குள் ஒரு வாளியில் கணிசமான தண்ணீரைச் சேர்த்துவிடுகிறது. ஏசியின் உள்ளே இருக்கும் தூசு கலந்திருக்கும் என்பதால் வெள்ளைத் துணியில் வடிகட்டிக்கொள்ள வேண்டும். குடிக்கவோ சமைக்கவோ அதைப் பயன்படுத்தக் கூடாது. கண்ணாடிக்கு அது காய்ச்சி வடித்த நீருக்கு அடுத்தபடி. ஏசி இல்லாத வீடுகளில், பேட்டரி கடைகளில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரையோ, ஆர்ஓவின் குடிநீர்க் குழாயில் வரும் தண்ணீரையோ, மாடியில் பிடித்த மழைநீரையோ பயன்படுத்தலாம். தொடக்க அலசலுக்கு மெட்ரோ வாட்டர் போதும். கடைசியாகக் கண்ணாடியில் தங்கிக் காயப்போகும் தண்ணீர் எதுவோ, அதுமட்டும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும்.

2019-இன் கோடையில் புழல் உள்ளிட்ட ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குத் தெருவே குடங்களோடு காத்திருந்தபோது, கார் கழுவுவதைப் பற்றிப் பேசுவதற்கே எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. வண்டியின் உடலை விட்டுவிட்டுக் கண்ணாடிகளை மட்டும் இரண்டு குவளைத் தண்ணீரில் முடித்துக்கொள்ளும் பழக்கம் அப்போது வந்தது. தண்ணீர் திரும்பி வந்த பிறகும் அதை நான் மாற்றிக்கொள்ளவில்லை. பார்வைக்குத் தேவையானது கண்ணாடிதான். கதவின் தூசு ஒரு வாரம் காத்திருக்கலாம்.

ஏற்கெனவே படிந்துவிட்ட வெள்ளைப் புள்ளிகளுக்கு வெள்ளை வினிகர் போதுமானது. கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 4 அல்லது 5 விழுக்காடு அசிட்டிக் அமிலம்தான். அதை வெறுமனே தெளித்துத் துடைத்தால் பயன் குறைவு. அமிலத்துக்கு வேலை செய்ய நேரம் வேண்டும். வினிகரில் நனைத்த துணியையோ கைக்குட்டைத் தாளையோ கண்ணாடியில் ஒட்டவைத்து, காய்ந்துவிடாமல் பத்து நிமிடம் விட்டுப் பிறகு நல்ல தண்ணீரால் அலசினால், சுண்ணாம்பு இளகி வந்துவிடும். வினிகரின் வாடை பிடிக்காதவர்கள் சிட்ரிக் ஆசிட் தூளை ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி வீதம் கரைத்துக்கொள்ளலாம். பழைய புள்ளிகளுக்கு இரண்டாவது முறையும் தேவைப்படும். குளியலறையின் கண்ணாடிப் பட்டை ஜன்னல்களுக்கு இதைவிடச் சிறந்த வழியை நான் பார்த்ததில்லை.

இந்த அமிலம் எங்கெங்கே படக்கூடாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் வீடுகளில் ஜன்னல் விளிம்பிலும் சமையல் மேடையிலும் போட்டிருக்கும் கடப்பா கல், சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்தது. கண்ணாடியிலிருந்து வழிகிற வினிகர் அதையும் சேர்த்து அரித்து, பளபளப்பைப் போக்கி, வெளுத்த தடத்தை நிரந்தரமாக்கிவிடும். கீழே பழந்துணியைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். மார்பிளுக்கும் இது பொருந்தும். பிளீச்சிங் பவுடர் கரைசலோ, அது கலந்த கழிவறைத் திரவமோ புழங்கிய இடத்தில் வினிகரைக் கொண்டுபோகவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. டைல்ஸ் கழுவும் ஆசிட் விரைவாக வேலை செய்கிறது என்று அதைக் கண்ணாடிக்குப் பயன்படுத்துகிறவர்கள், அலுமினியச் சட்டமும் கொக்கிகளும் அரித்துப்போன பிறகுதான் நிறுத்துகிறார்கள்.

அடுத்தது எண்ணெய்ப்படலம். விபத்தோடு நேரடித் தொடர்புடையது என்பதால் இதைப் பற்றி நான் கூடுதலாகக் கவலைப்படுகிறேன். டீசல் புகையில் எரியாமல் வெளிவரும் எண்ணெய்த் துளிகளும், முன்னால் போகும் வண்டியின் டயர் வாரியிறைக்கும் தார்ச்சேறும் முன்பக்கக் கண்ணாடியில் மெல்லிய படலமாகின்றன. வெயில் நேரத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. ஐப்பசி மழையில், இரவு எட்டு மணிக்கு எண்ணூர் நெடுஞ்சாலையில், எதிரே வரும் லாரியின் விளக்கொளி அந்தப் படலத்தில் பட்டுக் கண்ணாடி முழுவதும் சிதறும்போது, சாலையோரம் சைக்கிளில் போகிறவர் நம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறார். வைப்பர் ஒவ்வொரு முறை ஓடும்போதும் பின்னால் ஒரு மங்கல் தடம் வந்து, சில நொடிகளில் மறைந்தால், படலம் இருக்கிறது என்று பொருள். இன்னொரு சோதனையும் உண்டு: அலசிய கண்ணாடியில் ஒரு கை தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் ஒரே விரிப்பாகப் பரவி இறங்கும். எண்ணெய் இருக்கும் இடத்தில் மட்டும் விலகித் திட்டுத் திட்டாக நிற்கும். மழைநீர் ஒட்டாமல் இருக்கப் பூச்சு பூசிய கண்ணாடிக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

வெளிப்பக்கப் படலத்துக்குப் பாத்திரம் கழுவும் திரவத்தில் சில துளிகளையோ கார் ஷாம்பூவையோ ஒரு குவளைத் தண்ணீரில் கலந்து, நுரை வரும்படி பஞ்சால் தேய்த்து, நுரை முற்றிலும் போகும்வரை அலசினால் பெரும்பகுதி போய்விடும். அலசுவதில் சிக்கனம் காட்டினால் சோப்பே புதிய படலமாகிவிடும். அதற்குப் பிறகும் எஞ்சுவதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் எடுக்கும். மொபைல் பழுதுபார்க்கும் கடைக்காரர்கள் போனின் மின்சுற்றுப் பலகையைத் துடைக்கப் பயன்படுத்தும் அதே திரவம்தான் இது; மருந்துக் கடைகளிலும், மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருக் கடைகளிலும் கிடைக்கிறது.

உட்பக்கப் படலம் வேறு விதம். வெயிலில் நிறுத்திய கார் சூடாகும்போது டாஷ்போர்டு பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்த்திருக்கும் பொருள்கள் சிறிது சிறிதாக ஆவியாகி, கண்ணாடியில் படிந்து குளிர்கின்றன. புது வண்டியில் இது கூடுதலாக இருக்கும். அதோடு டாஷ்போர்டு பளபளப்புக்கென்று தெளிக்கும் சிலிக்கான் பாலிஷும் சேர்ந்தால், நீலத் திரவம் அதைத் துடைப்பதில்லை, இடம் மாற்றித் தடவுகிறது. நான் செய்வது இது: ஏசி தண்ணீரும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் சமபங்கு கலந்து, கண்ணாடியில் தெளிக்காமல் துணியில் நனைத்து, சிறு சிறு பகுதியாகத் துடைத்து, ஒவ்வொரு பகுதிக்கும் துணியின் புதிய மடிப்பைத் திருப்பிக்கொள்வது. கண்ணாடியில் நேராகத் தெளித்தால் ஆல்கஹால் டாஷ்போர்டின் மேலும் மீட்டர் மூடியின் மேலும் விழும். அக்ரிலிக் போன்ற பிளாஸ்டிக்கில் அது மெல்லிய வெடிப்புகளை உண்டாக்கக்கூடும். கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு துடைக்க வேண்டும். மீதமான பாட்டிலை வண்டியில் வைத்துவிட்டு வரக் கூடாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலின் ஆவி 12 டிகிரி செல்சியசிலேயே தீப்பற்றும் தன்மையுடையது, மே மாதக் காரின் உள்வெப்பமோ நமக்குத் தெரிந்ததுதான்.

அன்றாடத் துடைப்புக்கு அவ்வளவு ஆல்கஹால் தேவையில்லை. அரை லிட்டர் ஏசி தண்ணீர், 100 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் ஆகிய மூன்றையும் ஒரு தெளிப்புப் பாட்டிலில் கலந்து, பெயர் எழுதி, குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறோம். வீட்டு ஜன்னலுக்கும் காருக்கும் இதுதான். நிறமோ மணமோ சேர்ப்பதில்லை. அவை காய்ந்தால் அவையும் ஒரு படிவுதான். கடையில் வாங்கும் திரவத்திலும் பெரும்பங்கு தண்ணீரே. அதில் சிறிதளவு கரைப்பானும் நுரைப்பொருளும், சிலவற்றில் அம்மோனியாவும் இருக்கும். உப்பையும் சுண்ணாம்பையும் முன்பே போக்கிய கண்ணாடியில் அவை எல்லாமே நன்றாக வேலை செய்கின்றன என்பதால், நேரமில்லாதவர்கள் அவற்றை வாங்குவதில் தவறில்லை. பிலிம் ஒட்டிய கண்ணாடிக்கு மட்டும் அம்மோனியா இல்லாததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அம்மோனியா பிலிமையும் அதன் பசையையும் கெடுத்துவிடும். கார்க் கண்ணாடியில் பிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012-இல் தடை செய்தது, ஆனால் மேற்கு வெயிலுக்காக வீட்டு ஜன்னல்களில் ஒட்டியவர்கள் எங்கள் தெருவிலேயே பலர் இருக்கிறார்கள்.

திரவத்தைவிடத் துணி முக்கியம் என்று என் அம்மா சொல்வார். அவர் காலத்தில் பழைய வேட்டித் துணியால் ஈரத் துடைப்பும், கசக்கிய செய்தித்தாளால் உலர்த் துடைப்பும் நடந்தன. செய்தித்தாள் நீரை உறிஞ்சும், பஞ்சு விடாது என்பதால் அந்த முறை நல்ல முறைதான். மை கையிலும் வெள்ளை யுபிவிசி சட்டத்திலும் ஒட்டுவது மட்டுமே குறை. இப்போது இரண்டு மைக்ரோஃபைபர் துணிகளை வைத்திருக்கிறேன்: ஒன்று ஈரத்துக்கு, கட்டம் கட்டமாக நெய்த மற்றொன்று உலரத் துடைப்பதற்கு. அவற்றை மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. வாசனைக்காகவும் மென்மைக்காகவும் கடைசி அலசலில் ஊற்றும் திரவத்தை அவற்றில் ஊற்றவே கூடாது. அது இழைகளின் மேல் பூச்சாகப் படிந்து, துணி நீரை உறிஞ்சாமல் கண்ணாடியில் கோடு போடத் தொடங்கும். மெக்கானிக் கடைகளில் கிடைக்கும் பனியன் வேஸ்ட் இன்ஜினுக்கு உரியது, அதில் பஞ்சு உதிரும்.

வெயிலில் துடைக்கக் கூடாது. சூடான கண்ணாடியில் திரவம் துடைப்பதற்குள் காய்ந்து கோடாகிவிடும். காலை ஆறரைக்குள் அல்லது நிழலில், கண்ணாடி கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது மட்டுமே வேலை. உட்புறத்தை மேலும் கீழுமாகவும், வெளிப்புறத்தை இடவலமாகவும் துடைத்தால், கடைசியில் தெரியும் கோடு எந்தப் பக்கத்தது என்பதை அதன் திசையே சொல்லிவிடும். பின்பக்கக் கண்ணாடியின் உட்புறத்தில் ஓடும் பனிநீக்கிக் கம்பிகளின் போக்கிலேயே, மென்மையாகத் துடைக்க வேண்டும். அங்கே பிளேடு கூடவே கூடாது. முன்பக்கக் கண்ணாடியின் உட்புறத்தில் இருக்கும் ஃபாஸ்டேக் வில்லையைச் சுற்றித் துடைக்க வேண்டும், அதன் மேல் ஈரத்தைத் தேக்கக் கூடாது. பழைய வில்லைகளின் பசைக்குத் தேங்காய் எண்ணெயைத் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டுச் சுரண்டி, பிறகு ஆல்கஹாலால் எண்ணெயை எடுத்துவிடலாம். ஆயுத பூசைக்கு வைக்கும் சந்தனத்தையும் குங்குமத்தையும் மறுநாளே ஈரத்துணியால் ஒற்றியெடுப்பது நல்லது. மழையில் கரைந்தால் குங்குமச் சாயம் ரப்பர் பீடிங்கில் இறங்கிவிடுகிறது.

வீட்டில் சமையலறை ஜன்னல்தான் கடினமானது. மீன் வறுக்கும் எண்ணெயும் தாளிப்புப் புகையும் கண்ணாடியில் படிந்து, நாளாக நாளாகப் பிசினைப் போல் இறுகிவிடும். அதை வினிகர் தொடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து ஊறவிடுவதே போதுமானது. இறுகியதற்குச் சலவைச் சோடாக் கரைசல் பயன்படும், ஆனால் அது அலுமினியச் சட்டத்தைக் கறுக்கச் செய்யும் என்பதால் சட்டத்தில் படாமல், கையுறை அணிந்து துடைக்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும் தூளைக் கண்ணாடிக்குப் பயன்படுத்தக் கூடாது. பீரோக் கண்ணாடிக்கும் குளியலறைக் கண்ணாடிக்கும் திரவத்தைத் துணியில் மட்டுமே நனைக்க வேண்டும். நேராகத் தெளித்தால் கீழ்விளிம்பில் தேங்கி, பின்பக்கத்து வெள்ளிப்பூச்சுக்குள் ஊறி, ஓரம் கறுத்துவிடும். அந்தக் கறுப்பு திரும்பாது.

வைப்பரைப் பராமரிக்காதவர்கள் கண்ணாடியைத் துடைத்தும் பயனில்லை. ரப்பர் விளிம்பில் சேரும் மணலை வாரத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் உருவியெடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் புரட்டாசியிலேயே ரப்பரைச் சோதித்து, வெடித்திருந்தால் மாற்றிவிட வேண்டும். கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் தொட்டியில் போர் தண்ணீரை நிரப்பினால், நுண்துளைகள் சுண்ணாம்பால் அடைபடும். அதே சுண்ணாம்பு நம் கண்ணெதிரே கண்ணாடியில் காயும். அங்கேயும் ஏசி தண்ணீர்தான்.

இவ்வளவு செய்தும் போகாத மங்கல் சில கண்ணாடிகளில் உண்டு. எங்கள் குளியலறையின் பழைய பட்டைகள் அப்படி இருந்தன. அவற்றில் ஒன்றைக் கழற்றி, தண்டையார்பேட்டையில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் நகத்தால் ஒருமுறை வருடிப் பார்த்துவிட்டு, “இது அழுக்கு இல்ல சார், கண்ணாடியே அரிச்சிருக்கு” என்றார். பல ஆண்டுகள் தொடர்ந்து கடின நீர் பட்டுக் காய்ந்தாலும், சிமெண்ட் நீர் வழிந்து நின்றாலும், அதன் காரத்தன்மை கண்ணாடியின் மேற்பரப்பையே தின்றுவிடுகிறது. நீரில் கரைந்துள்ள சிலிக்கா படிந்து இறுகினாலும் வினிகர் அதைக் கரைக்காது. சீரியம் ஆக்சைடு பொடியைக் கொண்டு தேய்த்து மெருகூட்டுவது ஒன்றே அதற்கு வழி. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டிய கார் முன்பக்கக் கண்ணாடியில் அதைக் கைப்பழக்கம் இல்லாதவர் செய்தால், ஒரே இடம் கூடுதலாகத் தேய்ந்து பார்வை நெளியும். அதனால் அந்த வேலையைத் தெரிந்தவரிடமே ஒப்படைக்க வேண்டும். கறை நீக்கும் தனி அமிலங்கள் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். அது கண்ணாடியையே கரைக்கும், தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்புவரை பாதிக்கும். பெயரும் உட்பொருளும் அச்சிடாத பாட்டிலை யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. எங்கள் குளியலறைப் பட்டைகளை மெருகூட்டவில்லை. பெரியவரிடமே அளவு கொடுத்துப் புதிதாக வெட்டி வாங்கி மாட்டிவிட்டோம். குளித்து முடித்தவர் ரப்பர் வைப்பரால் அவற்றை ஒருமுறை வழித்துவிட்டு வருவது இப்போது வீட்டில் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது.